கடல் கடந்த சாதியும் சட்டத்தில் ஏறிய ஒரு சொல்லும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், நம் பிள்ளைகள் பெறும் கல்வி எதற்குப் பயன்பட வேண்டும் என்பது குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன். கடல் கடந்து வாழும் ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்திவரும் உரிமைப் போராட்டத்தை அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

பட்டம் பெற்று வெளிநாடு சென்றுவிட்டால் சாதி நம்மைத் தொடராது என்று நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவராக இருந்த அண்ணல் அம்பேத்கர், இந்தியச் சாதிகளைப் பற்றி ஓர் ஆய்வுரை படித்தார். இந்துக்கள் பிற நாடுகளில் குடியேறினால் சாதி உலகப் பிரச்சினையாகும் என்ற எச்சரிக்கையை அவ்வுரையில் அவர் எடுத்துக்காட்டினார். நூறாண்டுகளுக்குப் பின் அது மெய்யாயிற்று.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். பஞ்சாபிலிருந்து அங்கே பிழைக்கச் சென்ற தாழ்த்தப்பட்ட மக்கள், தொழிற்சாலையிலும் வழிபாட்டிடத்திலும் சாதி தம்மோடு கப்பலேறி வந்திருப்பதைக் கண்டனர். அவர்கள் சங்கங்கள் அமைத்து ஓயாமல் முறையிட்டனர். அதன் பயனாக, 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்த்துக்கொள்ள அரசுக்கு அதிகாரம் தரப்பட்டது. 2013ல் அவ்வதிகாரம் கடமையாகவே ஆக்கப்பட்டது. ஆயினும் 2018ல், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கூறி அரசு பின்வாங்கிற்று.

அரசு சுட்டிய தீர்ப்புகளில் ஒன்று, வீட்டு வேலைக்கென இந்தியாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட ஆதிவாசிப் பெண்மணி ஒருவர் தொடுத்த வழக்கில் கிடைத்ததாகும். நாளொன்றுக்கு 18 மணி நேரம் அவரிடம் வேலை வாங்கப்பட்டது. சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லாதபோதும், இனமரபு என்பதில் அது அடங்கக்கூடும் என்று 2014ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. அடுத்த ஆண்டு, ஊதிய பாக்கியாக 1,80,000 பவுண்டுக்கும் மேல் அவருக்கு வழங்குமாறு தீர்ப்பாயிற்று.

அமெரிக்காவிலும் நிலைமை இதுவே. அந்நாட்டுச் சட்டங்கள் நிறம், இனம், மதம், பால் என்று பாகுபாட்டின் வகைகளை வரிசையாகக் கூறுகின்றன. அவ்வரிசையில் சாதி இல்லை. மேலதிகாரி சாதி கேட்டு ஒதுக்குகிறார் என்று ஒருவர் முறையிட்டால், அம்முறையீட்டை எந்த வகையில் சேர்ப்பது என்று கேட்போர்க்கு விளங்கவில்லை. ஆகவே, அந்த ஒரு சொல்லைச் சட்டத்தில் ஏற்றுவதையே அங்குள்ள நம்மவர்கள் தம் பணியாகக் கொண்டனர்.

2022 ஜனவரியில், அப்போது 23 வளாகங்களைக் கொண்டிருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் விதிகளில் சாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரி 21 அன்று, சியாட்டில் நகர மன்றம் 6க்கு 1 என்ற வாக்கில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. வேலை, குடியிருப்பு, பொது இடம் ஆகியவற்றை அத்தடை தழுவுகிறது. தீர்மானத்தைக் கொணர்ந்த சமா சாவந்த் அவர்கள் உயர்சாதி எனப்படும் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும்.

இச்சட்டம் இந்துக்களுக்கு எதிரானது என்று சிலர் வாதிட்டனர். எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை. சாதி பாராட்டுவோர் எம்மதத்தினராயினும் அது அவர்களைக் கட்டுப்படுத்தும். சாதியால் துன்புறுவோர் எம்மதத்தினராயினும் அது அவர்களைக் காக்கும்.

அதே ஆண்டு கலிபோர்னியாவின் இரு சட்ட அவைகளும் இத்தகைய மசோதாவை நிறைவேற்றின. ஆளுநர் ஒப்பமிட வேண்டி ஆர்வலர்கள் உண்ணாநோன்பும் இருந்தனர். இருக்கும் சட்டங்களே போதும் என்று கூறி, அக்டோபரில் ஆளுநர் அதை மறுத்துவிட்டார். வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்தபோதிலும் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை.

இளைஞர்களே, அவர்களுடைய படைக்கலம் யாது? சாட்சியமே! சாதியை மறைத்து வாழ்ந்தால் வேலை நிலைக்கும், நட்பு நிலைக்கும் என்ற நிலையில், பொதுமன்றத்தில் எழுந்து நின்று, "எனக்கு இது நேர்ந்தது" என்று கூறுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அந்த உரத்தோடு, நேர்ந்ததை முறையாக எழுதிவைக்கும் கல்வியும் வேண்டும்.

நமக்கோ 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. அங்கே அவர்கள் தேடி அலையும் சொல் நம் சட்டங்களில் முன்னரே ஏறியிருக்கிறது. ஆனால் நாள், இடம், சாட்சி ஆகியவற்றைக் குறித்து ஒரு முறையீடு எழுதித்தர நம் தெருவில் எத்தனை பேர் இருக்கின்றனர்? முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெறலாம் என்பதையும், வன்கொடுமை வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய வேண்டும் என்பதையும் எத்தனை பேர் அறிவர்?

ஆகவே, இக்கழகத்தில் படித்துயர்ந்த ஒவ்வொருவரும் மாதம் ஒரு நாளேனும் நம் தெருவுக்கு வந்து, எழுதத் தெரியாதவருக்கு எழுதித்தர முன்வர வேண்டும். வெளிநாடு செல்வோர் பெயரை மாற்றி ஒளிந்துகொள்ளாமல், அங்குள்ள சங்கங்களோடு இணைய வேண்டும். நம்முள்ளே பிரிவு பார்த்துப் பெண் கொடுக்க மறுக்கும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். பிறரிடம் சமத்துவம் கேட்கும் நாம் அதை நம் வீட்டில் மறுக்கலாகாது.

பொன்விழாக் கொண்டாடும்போது, இத்தெருவில் எழுதப்படாமற்போன கொடுமை ஒன்றுகூட இல்லை என்று சொல்லும் நிலையை நீங்கள் உண்டாக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமைகிறேன்.