படைப்பில் நிலம்



பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில், படைப்பில் நிலம் பெறும் இடம் பற்றிப் பேசப் பணித்தீர்கள், நன்றி.

நம் பகுதிக் கவிதைகளில் சுருளி அருவியும் முல்லையாறும் தவறாமல் வருகின்றன. அவற்றை நீக்கிக் குற்றாலம், தாமிரபரணி என்று இட்டாலும் பல கவிதைகள் பழுதின்றி நிற்கும். அங்கே ஊரின் பெயர் இருக்கிறது, ஊர் இல்லை. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மாந்தர் உணர்வு அவற்றிலிருந்தே கிளைக்கிறது.

நம் நீரையே எடுத்துக்கொள்வோம். மேற்கே சென்ற பெரியாற்று நீரை 1895இல் அணை கட்டிக் கிழக்கே திருப்பினார்கள். அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களை நனைத்து, தேனியருகே வைகையில் கலந்து, 1959இல் திறக்கப்பெற்ற வைகை அணையில் தேங்குகிறது. கூடலூர் உழவருக்கு அது நாற்றங்கால். அணைக்குள் ஊரை இழந்தவருக்கு, தேங்கிய நீரே வீட்டைக் கொண்டுபோன வெள்ளம்.

சாகித்திய அகாதெமியின் 2003ஆம் ஆண்டுப் பரிசு பெற்ற வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ இந்த இழப்பிலிருந்து எழுந்தது. மழைக்கு ஏங்கிய மண்ணில் பாடுபட்ட பேயத்தேவரின் வாழ்வை நீரே விழுங்குகிறது. இந்த முரணை வேறோர் ஊருக்குப் பெயர்த்துச் செல்ல இயலாது. வட்டாரச் சொற்கள் அந்நாவலுக்கு அழகு சேர்க்கின்றன. உயிர் தருவது அந்நிலத்துக்கே உரிய துயரம்.

இன்னும் நாம் போதிய அளவு பாடாதவர்கள் இருக்கிறார்கள். விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களில் வேலை செய்து, மாலையில் இறங்கிவரும் பெண்களைச் சொல்கிறேன். வைகறை மருதத்தின் பொழுது. ஊடலுக்கு உரியது என்று கற்றோம். உறங்கும் பிள்ளையை விட்டுப் புறப்படும் தாய்க்கோ அது பிரிவின் பொழுது. மருத நிலத்து வைகறையில் பாலையின் உரிப்பொருள் வந்து அமர்கிறது. இந்தத் திணைமயக்கம் நம் பள்ளத்தாக்கில் நாள்தோறும் நிகழ்கிறது. இதை எழுத வேண்டியவர்கள் நாமே.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதி முடித்ததும் ஊர்ப்பெயர்களை அடித்துவிட்டு ஒருமுறை படியுங்கள். கேட்பவர் அப்போதும், “இது நம்ம ஊர்க் கதையாச்சே!” என்று நிமிர்ந்தால், உங்கள் கவிதையில் நிலம் இருக்கிறது.