தாய் அறிந்தால் பிள்ளை தப்பும்

(தானா ராத்தாவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ரப்பர் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் போனஸையும் பேசுகிற சங்கத்துக்காரன் பிள்ளைப்பேற்றைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். நோயின்றிப் பிள்ளை பெறுவதும் தொழிலாளியின் உரிமைதான். ஆகவே பேசுகிறேன்.

எச்.ஐ.வி. என்னும் கிருமி தாயிடமிருந்து பிள்ளைக்கு மூன்று வழிகளில் போகும். வயிற்றில் இருக்கும்போது போகும், பிரசவத்தின்போது போகும், தாய்ப்பாலிலும் போகும். சிகிச்சையே இல்லாவிட்டால் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 வரை இக்கிருமி பற்றக்கூடும். தாய் காலத்தோடு மருந்துண்டு, டாக்டர் சொற்படி நடந்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்!

நம் நாட்டு அரசாங்கக் கிளினிக்குகளில் 1998 முதல் கர்ப்பிணிகளுக்கு இந்த இரத்தப் பரிசோதனை நடந்து வருகிறது. அதன் பயனாக, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இப்பெயரை முதலில் பெற்றது நாம்தான். ஆனால் ஒழித்தோம் என்று உட்கார்ந்துவிட்டால் நோய் திரும்பும். ஒவ்வொரு தாயும் கருவுற்ற முதல் மாதங்களிலேயே கிளினிக்குக்குப் போனால்தான் அந்தப் பெயர் நிலைக்கும்.

போவதற்குத் தடை என்ன? ஒரு நாள் கூலி, லயத்துப் பேச்சு. இரண்டுமே நம் கையில் இருப்பவை.

இங்கே என் குற்றத்தையும் சொல்லவேண்டும். கிளினிக்குச் சீட்டோடு வந்த ஒரு பெண்ணிடம், ஆபீஸில் நாலு பேர் கேட்க, "என்ன வியாதி?" என்று நான் கேட்டேன். அவள் தலைகுனிந்து நின்றாள். அடுத்த மாதம் அவள் கிளினிக்குப் பக்கமே போகவில்லை. கிராணித் தோழர்களே, சீட்டில் நாம் பார்க்க வேண்டியது தேதி ஒன்றுதான். வியாதி நம் கணக்கில் சேராது.

ஆண் தோழர்களே! பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் கடைத்தெருவில் நிற்காதீர்கள். பல பெண்களுக்கு இக்கிருமி கணவன் வழியாகவே வந்திருக்கிறது. முதல் பரிசோதனையில் நோயில்லை என்று வந்த பெண்ணுக்கும், கணவனிடம் கிருமி இருந்தால், பிறகு தொற்றலாம். இருவரும் சேர்ந்து போங்கள். கிருமி இருப்பதாகத் தெரிந்தாலும் வாழ்வு முடிந்துவிடாது. தவறாமல் மருந்துண்பவர் நெடுநாள் வாழலாம்.

ஒரே தட்டில் உண்பதாலும், ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதாலும், கொசுக்கடியாலும் இது பரவாது. ஆகவே எவரையும் ஒதுக்காதீர்கள்.

கர்ப்பிணிகள் கிளினிக்குப் போகும் நாளுக்குக் கூலி பிடிக்கக்கூடாது என்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் கேட்கட்டும். கூலிக்குப் போராடிய நாம் பிள்ளைக்காகவும் போராடுவோம்.