வரவறிந்து வாழும் இல்லறம்

(இல்லறச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறங்கள் பலவற்றையும் தாங்கி நிற்கும் தூண் இல்லறமே ஆகும். இல்வாழ்வானின் கடமைகளை எண்ணிக் கூறுமிடத்து வள்ளுவப் பெருந்தகை, முன்னோர், தெய்வம், விருந்தினர், உறவினர் ஆகியோரோடு அவனையும் சேர்த்து ஐந்து இடங்களைக் காட்டுகின்றார். இவ்வைந்து கடமைகளுக்கும் பொருள் வேண்டும். அப்பொருளுக்கு அளவும் வேண்டும். ஆகவேதான் பொருட்பாலில் வலியறிதல் என்னும் அதிகாரத்தின் இறுதி நான்கு குறட்பாக்களை வரவு, செலவு, ஈகை ஆகியவற்றின் அளவு குறித்தே அவர் அமைத்துள்ளார். நாடாள்வோர்க்குச் சொன்ன அவ்வளவு, மாத ஊதியத்தில் வாழும் குடும்பத்தார்க்கும் பொருந்துவதேயாம்.

குடும்பங்களில் கடன் புகுவதற்கு வருவாய்க் குறைவு மட்டுமே காரணம் அன்று. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும். ஐப்பசியில் தீபாவளி வரும். காப்பீட்டுத் தவணைக்கும் குலதெய்வ வழிபாட்டிற்கும் நாள் உண்டு. இவ்வாறு நாள் தெரிந்த செலவுகளே திடீர்ச் செலவு என்னும் பெயருடன் வாசலில் வந்து நிற்கின்றன. அப்போது மனைவியின் வளையல் அடகுக் கடைக்குச் செல்கின்றது. அதுவும் போதாதவிடத்து வட்டிக்குக் கடன் வாங்கப்படுகின்றது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்பது கேட்பதற்குச் சிறிது. ஆனால் 36,000 ரூபாய்க் கடனுக்கு அது மாதம் 1,080 ரூபாய். ஓர் ஆண்டிற்கு 12,960 ரூபாய். அவ்வளவும் கட்டிய பின்னரும் முதல் அப்படியே நிற்கும். இத்தகைய மிகைவட்டிக் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. சட்டத்தின் துணையை நாடவேண்டிய நிலை வருமுன்னரே குடும்பத்தைக் காக்கவல்லது ஒரு கணக்கேடு.

முன்னோர் ஒரு செலவை எவ்வாறு திட்டமிட்டனர் என்பதற்குக் கல்வெட்டுகளே சான்று. முதலாம் இராசராச சோழன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு திருவிளக்கு எரிய 96 ஆடுகள் நிவந்தமாக அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இவ்வாறு விடப்பட்ட ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடுகள் மூப்படையாவோ, இறவாவோ எனின், மூப்படையும், இறக்கவும் செய்யும். ஆயினும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிறைத்துக்கொள்வதால் மந்தை குறையாது, விளக்கும் அணையாது. பொழுது சாய்ந்த பின்னர் நெய் எங்கே என்று தேடும் நிலையை அவர்கள் வைக்கவில்லை. செலவிற்கு முன்பே ஒதுக்கீடு செய்தல், முதல் குறையாமல் காத்தல் ஆகிய இவ்விரண்டுமே குடும்ப வரவு செலவுத் திட்டத்தின் உயிர்நிலை.

இதனைத் தொடங்குவோர் முதல் மாதத்திலேயே எதையும் குறைக்க முற்படுதல் வேண்டா. அம்மாதம் முழுவதும் ஒவ்வொரு செலவையும் அன்றன்று இரவே எழுதி வருதல் போதும். இக்காலத்தில் கைப்பேசி வழியாகவே பணம் செல்வதால், தாளை எண்ணிக் கொடுக்கும்போது தோன்றும் தயக்கம் தோன்றுவதில்லை. பத்தும் இருபதுமாகச் சென்றவை ஏட்டில் ஏறிக் கூட்டப்படும்போதுதான் அவற்றின் அளவு தெரியும்.

அடுத்து, ஓர் ஆண்டில் நாள் தெரிந்து வரும் செலவுகளை எல்லாம் தனியே எழுதுதல் வேண்டும். பள்ளிக்கட்டணம், சீருடை 18,000 ரூபாய், தீபாவளி, பொங்கல் 9,000, காப்பீடு 6,000, குலதெய்வ வழிபாட்டுப் பயணம் 3,000 எனக் கொள்வோமாயின் மொத்தம் 36,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,000 ரூபாய். இத்தொகையே அக்குடும்பத்தின் திருவிளக்கு ஆடுகள். ஊதியம் வந்த அன்றே இதனைத் தனிச் சேமிப்புக் கணக்கில் இட்டுவிடுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மாதம் 24,000 ரூபாய் வருவாயுள்ள, முதிய தாயும் பிள்ளைகள் இருவரும் உள்ள குடும்பம் ஒன்றைக் கருதலாம். வாடகை 6,000, உணவு, பால், எரிவாயு 8,500, மின்சாரம், தொலைபேசி, பேருந்து 2,000, மருந்து முதலியன 2,000, ஆண்டுச் செலவிற்கு 3,000, சேமிப்பு 1,500, அறச்செலவு, மொய் 500, கணவன், மனைவி இருவர்க்கும் தலா 250. எல்லாம் கூட்டினால் 24,000. சேமிப்பைத் தொடாதிருந்தால் பதினாறு மாதங்களில் ஒரு மாத வருவாய் முழுவதும் கைக்காப்பாக இருக்கும். இறுதியிலுள்ள 250 ரூபாய்க்கு ஒருவர் மற்றவரிடம் கணக்குக் கேட்டல் கூடாது. மூச்சுவிட இடமில்லாத திட்டம் மூன்றாம் மாதத்தைத் தாண்டுவதில்லை.

நாட்கூலி பெறுவோர், வேளாண்மை செய்வோர் ஆகியோர்க்கு வருவாய் ஒரே அளவாக இராது. அவர்கள் ஆண்டில் மிகக் குறைந்த வருவாய் வந்த மாதத்தை அடிப்படையாக வைத்துத் திட்டம் வகுத்து, மிகுதி வரும் மாதத்தின் உபரியை மெலிந்த மாதத்திற்கு வைத்தல் நலம். வயிற்றுக்கே போதாத வருவாயைக் கணக்கேடு பெருக்கித் தந்துவிடாது என்பதும் உண்மையே. எனினும் மாதந்தோறும் எவ்வளவு குறைகின்றது என்பது திட்டமாகத் தெரிந்தால், தேடவேண்டிய தொகையும் வழியும் தெளிவாகும்.

தொடங்குவது எளிது, தொடர்வதே அரிது. 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதற்கு நல்ல பாடம். சிறு தொகையாயினும் தவறாமல் சேமித்தல், குறித்த நாளில் கூடுதல், எல்லோர் முன்னிலையிலும் கணக்கைப் படித்தல் என்பவையே அவற்றின் வலிமை. அவ்வாறே இல்லத்திலும் வாரம் ஒருநாள் கால்மணி நேரம் அனைவரும் அமர்ந்து ஏட்டைப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகளும் உடன் இருக்கட்டும். இல்லை என்ற சொல்லை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை மனம் வாடுகின்றது. ஏன் இல்லை என்பதைக் கணக்கில் கண்ட பிள்ளை பொறுப்பினைக் கற்கின்றது. அங்கே பழிச்சொல் எழுதல் கூடாது. உணவில் 400 ரூபாய் மிகுந்ததாயின், எந்த இனத்தில் அதனை ஈடுசெய்வது என்பதே பேச்சாக இருத்தல் வேண்டும். ஒரு மாதம் தவறிற்று என்பதற்காக ஏட்டை மூடிவிடுதல், ஓர் ஆடு இறந்ததென்று மந்தையையே விற்றுவிடுதல் போலாகும்.

ஆண்டின் இடையில் தொடங்குவோர்க்கு முதலாண்டில் ஒதுக்கீடு நிறைவாக இராது. அவ்வாண்டு தீபாவளியைக் கையிருப்பின் அளவிற்குச் சுருக்கிக்கொள்வதில் இழிவு ஏதும் இல்லை. அண்டை வீட்டார்க்கு ஒப்பாக ஆடை எடுத்து, தை பிறக்கும் வரை வட்டி கட்டுவதைவிட அது மேலானது.

அறச்செலவும் அளவிற்கு உட்பட்டதே. கடன்பட்டு இடும் காணிக்கையைத் தெய்வம் விரும்பும் எனக் கருதுதல் தகாது. மனம் உவந்து இடும் ஒரு பூவும் வழிபாடே. தன் கடன் தீர்ந்து, தாய்க்கு மருந்து வாங்கி, பிள்ளைக்குக் கட்டணம் செலுத்தி, எஞ்சியதில் ஒரு பிடி அரிசியைப் பசித்தவர்க்கு ஈயும் இல்லத்தில் அறம் நிலைபெறுகின்றது.

ஆகவே அன்பர்களே! இன்றிரவு ஒரு சிறு ஏடும் எழுதுகோலும் பூசையறை விளக்கின் அருகே இடம்பெறட்டும். முதல் வரியில் இம்மாத வரவு எழுதப்படட்டும். வரவறிந்து செலவு செய்யும் இல்லங்களில் கடன் நீங்கி, அமைதி நிலைத்து, அறம் தழைப்பதாகுக!