ஊர் மனசை எண்ணிச் சொல்லுவோம்

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. பெரிய பேச்சு வராது. கிராம சபையைப் பத்தி ஒரு விஷயம் மட்டும் சொல்றேன்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு 6 கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர்தான். ஆனால் 3,000 பேர் உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தாலே கூட்டம் செல்லும். மீதிப் பேர் மனசுல இருக்கிறது தலைவருக்கு எப்படித் தெரியும்? மைக் பக்கத்துல நிக்கிறவங்க பேச்சே ஊர்ப் பேச்சு ஆயிடுது.

அதனால எங்க ஊராட்சியில் சபைக்கு முன்னாடி குழுப் பெண்கள் வீடு வீடாகப் போனோம். "ரோடு வேணுமா?" என்று கேட்டால் யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. "ஒரு வேலைதான் நடக்கும்னா எது முதல்ல?" என்று கேட்டோம். கூலிக்குப் போறவங்க பகலில் இருக்க மாட்டாங்க. விளக்கு வச்ச பிறகு போனோம். குழுவில் சேராத வீட்டையும் விடல. ரொம்ப இல்லாதப்பட்டவங்க பல பேர் குழுவுக்கு வெளியேதான் இருக்காங்க. ஆண்கள் சொன்னதையும் பெண்கள் சொன்னதையும் தனித்தனியா எழுதினோம்.

எண்ணினது தெருவாரியா. எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டினா பெரிய தெரு சொல்றதுதான் நிக்கும், சின்னத் தெரு காணாமப் போயிடும். பாதி வீடு கூட பதில் சொல்லாத தெருவுக்கு மறுபடியும் போனோம்.

சபையில் எப்பவும் கேட்கிறது நாடக மேடை. கடைசித் தெருப் பெண்கள் கேட்டது குடிதண்ணிக் குழாய். ஒரு குடத்துக்கு அவங்க நடக்கிற தூரம் அதுவரைக்கும் சபையில் யாரும் பேசினதில்லை. எண்ணிக்கைத் தாளைத் தலைவரிடம் கொடுத்தோம். சபையில் வாசிச்சாங்க, தீர்மானம் ஆச்சு. குழாய் இன்னும் வரல. ஆனால் தீர்மான நோட்டில் இருக்கு, ஒவ்வொரு சபையிலும் எழுந்து கேட்கிறோம்.

கிராம வறுமை குறைப்புத் திட்டத்தை எழுதிச் சபையில் வைக்கிற பொறுப்பும் நம்ம குழுக்களுக்கு இருக்கு. அந்தப் படிவத்தை நாலு பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்து நிரப்பிட வேண்டாம். நம்ம குழு இல்லாத தெருவே கிடையாது. அடுத்த சபைக்கு 15 நாள் முன்னாடியே நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.