நூல் காக்கும் கடன்



தாதரில் நான் குடியிருக்கும் வீட்டில் என் தந்தையார் விட்டுச்சென்ற தகரப் பெட்டியொன்று இருக்கிறது. மாட்டுங்காவில் மாதந்தோறும் அவர் வாங்கிச் சேர்த்த தமிழ்ப் பத்திரிகைகள் அதில் நிரம்பியுள்ளன. "கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, தாள்களை ரத்திக்காரரிடம் போட்டுவிடலாம், அப்பா" என்றான் என் மகன். அவ்வாறே நாற்பது இதழ்களைப் படமெடுத்தோம். அடுத்த மழைக்காலத்தில் ஹிந்துமாதா வெள்ளத்தில் கைப்பேசி விழுந்தது; படங்கள் யாவும் மறைந்தன. நல்லவேளையாக, தாள்களை அதுவரை போட்டிருக்கவில்லை.

காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர் வாழ்ந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் புத்தகங்களோடு நிற்கவில்லை. நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூடத் தேடித் திரட்டினார். 1992ஆம் ஆண்டு அவர் காலமானபின், 1994இல் அத்தொகுதியை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள்! அவை கடல் கடந்து செல்லாமல் சென்னையிலேயே நூலகமாயின என்பது மகிழ்ச்சிதான். ஆயினும் விலை கொடுக்க அயல்நாட்டார் வரவேண்டியிருந்ததே என்பது என் நெஞ்சை இன்றும் உறுத்துகிறது.

மின்னுருவில் ஏற்றிவிட்டால் செலவு தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. கிழிந்த தாளை முதலில் செப்பனிட வேண்டும், படமெடுக்க வேண்டும், தேடுவார்க்குக் கிட்டுமாறு அட்டவணை எழுத வேண்டும். பிரதிகளை வெவ்வேறிடங்களில் வைத்து, கருவிகள் பழசாகுந்தோறும் புதியவற்றிற்கு மாற்ற வேண்டும். தாளுக்குக் கறையான் பகையென்றால், மின்னுருவிற்கு மறதி பகை.

நம் மும்பையிலேயே, கோட்டைப் பகுதியின் டவுன் ஹாலில், 1804இல் தோன்றிய ஆசியக் கழகம் இருக்கிறது. அது நூலகம் மட்டுமன்று. 1882இல் சோபாராவில் பகவான்லால் இந்திராஜி அகழ்ந்தெடுத்த பௌத்தப் பேழைகளும் அங்குள்ளன. ஒரு நூலைச் செப்பனிடும் செலவைத் தனியொருவர் ஏற்று, அந்நூலைத் 'தத்தெடுக்க' அக்கழகம் வழிசெய்தது. பெருந்தனவந்தரை எதிர்பாராமல் சம்பளக்காரரையும் புரவலராக்கும் இம்முறை எனக்கு மிகப் பிடித்தது.

பெருங்கம்பெனிகளுக்கும் கடமையுண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின்படி, குறித்த அளவிற்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். கலை, பண்பாட்டுச் செல்வங்களின் பாதுகாப்பும் பொது நூலகம் அமைத்தலும் அப்பணிகளுள் அடங்கும். ஆனால் கட்டடமென்றால் பெயர் பொறிக்கலாம். மின்கட்டணச் சீட்டில் எவர் பெயரைப் பொறிப்பது? அங்கேதான் கொடை தயங்குகிறது.

என் பெட்டியை ஒரு நூலகத்திற்குத் தருவதாக எழுதினேன். "இதழ்களை ஏற்கிறோம், அவற்றைப் பேண ஏதேனும் உதவ இயலுமா?" என்று மறுமொழி வந்தது. முதலில் எனக்குச் சினம் பொங்கியது. தானம் கொடுப்பவனிடமே காசு கேட்பதா! இரவெல்லாம் எண்ணிப் பார்த்தபின் வெட்கமே மிஞ்சியது. சுமையை இறக்கிவைத்துவிட்டு அதற்குக் கொடையெனப் பெயர் சூட்ட நினைத்திருந்தேன்.

செம்பூரிலுள்ள என் தம்பி பாதிச் செலவை ஏற்பதாகச் சொல்லிவிட்டான். கோவையிலுள்ள தமக்கையாரின் கடிதம் இன்னும் வரவில்லை. எப்படியும் மழை தொடங்குமுன் பெட்டியை ரயிலேற்றிவிட வேண்டும்.