முதுகு காட்டி அமர்ந்திருக்கும் பெண்கள்



தொலைக்காட்சி அறிவிப்பாளருக்கு மௌனம் என்றாலே பயம். நேரலையில் ஐந்து விநாடி பேச்சு நின்றால் போதும், தயாரிப்பாளர் கையை ஆட்டத் தொடங்கிவிடுவார். அப்படிப்பட்ட நான் இன்று, பேசாத சில படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வேல்ஸ் நாட்டில் 1876-ஆம் ஆண்டு பிறந்தவர் குவென் ஜான். லண்டனில் ஓவியம் பயின்று, 1904-இல் பாரீசுக்குக் குடிபெயர்ந்தார். தம்பி ஆகஸ்டஸ் ஜான் அக்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஓவியர். அக்காளோ பாரீஸ் அருகே மெதோன் என்ற ஊரில் ஆரவாரமின்றி வாழ்ந்தார். 1913-இல் கத்தோலிக்கரானார். தேவாலயத்தில் பின்னால் அமர்ந்து, முன்வரிசைப் பெண்களையும் அநாதைச் சிறுமிகளையும் பென்சிலால் வரைவார். வீடு திரும்பி வண்ணம் சேர்ப்பார். ஒரே உருவத்தைப் பலமுறை வரைந்ததும் உண்டு.

பல படங்களில் முகமே இல்லை. ஒரு தொப்பி, ஒரு பின்னல், தளர்ந்த தோள், நாற்காலியின் சாய்மானம். அவ்வளவுதான். நூலகத்தில் அந்தத் தொகுப்பை முதலில் பார்த்தபோது, “முகம் இல்லாத படத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று வேகமாகப் புரட்டிவிட்டேன்.

பிறகு என் அம்மா காலமானார். தோட்டத்தில் பால்மரம் சீவி எங்களைப் படிக்க வைத்தவர். மாலை போடப் படம் தேடினோம். அவரைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. யாருடைய திருமணத்திலோ, யாருக்கோ பின்னால் பாதி முகம். அதை வெட்டிப் பெரிதாக்கினோம். அந்த முகம் எனக்கு அந்நியமாகவே இருந்தது. என் நினைவில் இருப்பது அடுப்படியில் நின்ற அவருடைய முதுகு. பால் வாளி சுமந்து ஒரு பக்கம் இறங்கிப்போன தோள்.

மீண்டும் அந்தத் தொகுப்பைத் திறந்தேன். இம்முறை புரட்ட முடியவில்லை. மெல்லிய நீர்வண்ணத்திற்கு அடியில் பென்சில் கோடு அப்படியே தெரியும். தவறை மறைப்பது கடினம். வண்ணம் படாத தாளின் வெண்மையே வெளிச்சமாகிறது. ஒரு தோளின் சாய்வை அப்படி வரைய, அந்த மனிதரை எவ்வளவு நேரம் பொறுமையாகப் பார்த்திருக்க வேண்டும்! நான் என் அம்மாவை அப்படிப் பார்த்ததில்லை.

நேயர்களே, அமைதியான ஓவியத்தை ரசிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. அதன் முன் ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். இன்று மாலை, பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பிள்ளையிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து எதிரில் உட்கார வையுங்கள். படம் அழகாக வராவிட்டாலும் பரவாயில்லை. அவன் பாட்டியைப் பார்த்திருப்பான்.