விதைப்புக்கு முன்பே உதவுவோம்

 

வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணை, 2023-இல் அக்டோபர் 10-ஆம் தேதியே மூடப்பட்டது. கடைமடையில் குறுவை கருகியது.

தண்ணீரும் கூலியும் கட்டுப்படியாகாமல், தஞ்சை விவசாயிகள் பலர் நாற்று நடாமல் நேரடியாக விதைக்கிறார்கள். சம்பா ஈரத்தில் உளுந்து தெளிக்கிறார்கள்.

இப்படி மாறுவதற்கும் கையில் பணம் வேண்டும். குத்தகை விவசாயி பெயரில் நிலமில்லை. அடங்கல் கிடைக்காவிட்டால் கூட்டுறவுக் கடனும் பயிர்க் காப்பீடும் எட்டாது. வட்டிக்குத்தான் வாங்குகிறார். பயிர் கருகினாலும் வட்டி நிற்பதில்லை.

பயிர் போனபின் அரிசி கொடுப்பதோடு நாம் நின்றுவிட வேண்டாம். விதைப்புக்கு முன்பே, எந்த மதத்தவரானாலும், வட்டியில்லாக் கடன் கொடுப்போம். அறுவடைக்குப் பின் தவணை வைப்போம். மகசூல் பொய்த்தால் அவகாசம் தருவோம்; சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வதுதானே நம் மார்க்கம்!